'காரணம்' என்றொரு கட்டம்

இடையூறுகளை நீக்குபவன் மட்டுமன்றி ஆக்குபவனும் ஆகிய ஆனைமுகத்தோனை முதற்கண் வணங்குகிறேன். ஆக்குபவன் என்பதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். கணினி விசைப்பலகைகளின் இடையூறுகளைக் கொண்டே நான் குடும்பம் நடத்தினேன், பெண்ணுக்கு மணம் முடித்தேன். பழுதே இல்லாத உலகத்தை அவன் படைத்திருந்தால் என் வீட்டில் உலை கொதித்திராது. நீற்றையே ஆடையாக உடுத்த அவனுடைய தந்தையையும் வணங்குகிறேன். அப்பெருமானது நீற்றைக் குறித்தே இங்குச் சில சொற்கள் சொல்ல நேர்வதால், பொறுத்தருளும்படி முன்கூட்டியே விண்ணப்பமும் செய்துகொள்கிறேன்.

இன்று தை மாதத்து வளர்பிறைத் திரயோதசி. திங்கட்கிழமையும் கூடியதால் சோமவாரப் பிரதோஷம். மாலையில் மாடம்பாக்கத்துச் சிவன் கோயிலுக்குப் போகுமுன் இதை எழுதி முடித்துவிட எண்ணம்.

நான் ஓய்வு பெற்ற நிறுவனத்தின் பழுதுநீக்கும் பிரிவில் இப்போது பணிபுரியும் இளைஞர்கள் ஆண்டு மலர் ஒன்று வெளியிடுகிறார்களாம். "சார், உங்க சர்வீஸ்ல பெரிய சாதனை ஒண்ணு சொல்லுங்க, ரெண்டு பக்கம் போதும்" என்று தொலைபேசியில் கேட்டார்கள். ஒரு வாரம் யோசித்தேன். சாதனை அரைப் பக்கத்தைத் தாண்ட மறுத்தது. ஆகவே நான் செய்த பிழையை எழுதுகிறேன். அதற்குச் சரக்கு நிறைய இருக்கிறது. இன்று ஒரு விசை கெட்டால் பலகையையே தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்குகிறார்கள் என்று அவர்கள் வருத்தத்தோடு சொன்னார்கள். எனக்கு அதில் வருத்தம் ஏதுமில்லை. எறியப்பட்ட பலகை எவர்மீதும் பழி சொல்வதில்லை. பழுதுபார்க்க வந்தவன் சொல்லுவான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மின்னணுவியல் பட்டயம் பெற்று அந்நிறுவனத்தில் சேர்ந்தேன். ஆறு மாதப் பயிற்சியில் நான் கற்றது, பெட்டியைத் தூக்குவது, சூட்டுக்கோலால் விரலைச் சுட்டுக்கொள்வது, மூத்தவர்களுக்குத் தேநீரில் சர்க்கரை எவ்வளவு என்பது. அதன்பின் தாம்பரம் முதல் பல்லாவரம் வரை, கிழக்கே சேலையூர், மேற்கே பம்மல், குன்றத்தூர் எல்லையாக ஒரு நாட்டை எனக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்நாட்டில் அக்காலத்தில் பெரிய கணினி ஒன்று குளிரூட்டிய அறையில் தனியே வீற்றிருக்கும். அதிலிருந்து கம்பிகள் புறப்பட்டு வெளிக் கூடத்து மேசைகளுக்கு வரும். மேசைக்கு ஒரு திரை, ஒரு விசைப்பலகை. இவ்விரண்டையும் சேர்த்து டெர்மினல் என்போம். குளிர் பெரிய கணினிக்கு. வியர்வை டெர்மினலில் அமர்ந்தவர்களுக்கு.

ஒரு விசையின் அடியில் இருப்பது மிக எளிய ஏற்பாடு: ஒரு சிறு தண்டு, ஒரு சுருள்வில், இரண்டு மெல்லிய உலோக நாக்குகள். அழுத்தினால் நாக்குகள் தொடும், விட்டால் விலகும். நடுவில் எதுவேனும் புகுந்துவிட்டால் விசை ஊமையாகும், அல்லது திக்கும். திக்குவாய் விசையை ஒருமுறை தட்டினால் திரையில் இரண்டு மூன்று எழுத்துகள் விழும். அந்த 'எதுவேனும்' என்ன என்பதைக் கண்டுபிடிப்பதே என் பிழைப்பு.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் தொடங்கி ஒரு வாரம் எங்களில் எவருக்கும் விடுப்புக் கிடையாது. தாம்பரத்தில் ஓர் அலுவலகம். அதன் தலைமை எழுத்தர் பூஜை நாளன்று எண்பத்துச் சொச்சம் விசைகளுக்கும் தனித்தனியே சந்தனம் குழைத்து வைத்து, நடுவில் குங்குமமும் இட்டிருந்தார். எந்த எழுத்து எங்கே என்று படைத்தவனுக்கே தெரியாது. இடைவெளி விடும் நீண்ட பட்டை விசைக்கு மட்டும், இடம் தாராளமாக இருந்ததால், விபூதியால் மூன்று கோடுகள்.

"என்ன சார் இது? ஓரத்துல ஒரு பொட்டு வெச்சா போதாதா?" என்றேன்.

"எல்லாம் கீ தானே சார்? ஒண்ணுக்கு வெச்சுட்டு ஒண்ணுக்கு வெக்காம வுட்டா பாவமில்லையா? அப்பால அது கோச்சுக்கினு வேலை செய்யாது."

"இப்ப மட்டும் செய்யுதா?"

"அதுக்குத்தானே உங்களைக் கூப்ட்டுக்கீறோம்" என்றார் அவர், சற்றும் கலங்காமல்.

சேலையூரில் ஒரு பள்ளியின் மேலாளர், கிறீச்சிட்ட விசைக்குத் தையல் இயந்திரத்து எண்ணெயை ஊற்றிவிட்டார். பல்லாவரத்தில் ஓர் அதிகாரி மைசூர்பாகைப் பலகையின் மேல் வைத்தே உண்டு, விசைகளின் அடியில் எறும்புகளுக்கு ஒரு காலனி அமைத்துக் கொடுத்திருந்தார். இவர்கள் எல்லாரையும் நான் மனத்துக்குள் எள்ளினேன். மாலையில் வீடு திரும்பி மனைவியிடம் நடித்தும் காட்டினேன். கருவியின் தன்மை அறியாதவர்கள் கையில் கருவி அகப்பட்டால் இப்படித்தான் என்று தீர்ப்பும் வழங்கினேன். தீர்ப்பு வழங்கியபோது என் நெற்றியில் என்ன இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

என் மேலாளர் கோவிந்தராஜன். அறுபதை நெருங்கியவர், ஒல்லி, வெள்ளை அரைக்கைச் சட்டை, நெற்றியில் குச்சியால் இழுத்த ஒற்றைச் சிவப்புக் கோடு. விசைப்பலகையை அவர் கையால் சோதித்து நான் கண்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பென்சிலின் பின்முனையால் ஒவ்வொரு விசையாகத் தட்டிக்கொண்டே போவார். கச்சேரியில் முன்வரிசையில் அமர்ந்தவர் முகம்போல் இருக்கும். திடீரென நின்று, "இது பொய் சொல்றது" என்பார். திறந்து பார்த்தால் அந்த வில் தளர்ந்திருக்கும்.

அவர் வகுத்த முறை வருமாறு. கையைக் கழுவு. கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்று. ஈரத்துணியால் முகத்தைத் துடை. மேசையில் வெள்ளைத் துணி விரித்துப் பலகையை அதன்மேல் வை. வளைத்த கம்பிக் கொக்கி இரண்டை விசைத்தொப்பியின் இருபுறமும் மாட்டி நேர் மேலே இழு. சாய்த்து இழுத்தால் தண்டு முறியும். கழற்றிய தொப்பிகளைத் தட்டில் அதே வரிசையில் அடுக்கு. தூரிகையால் தட்டும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து உன்னை நோக்கித் தட்டு. அழுக்கு உன்மேல் விழட்டும், வாடிக்கையாளர்மேல் விழ வேண்டாம். நாக்குகளுக்கு எரிசாராயத் துளி ஒன்று, பஞ்சில் நனைத்து. மூடியபின் ஒவ்வொரு விசையையும் பத்துமுறை தட்டி, திரையில் பத்து விழுந்ததா என்று எண்ணு. பிறகு மூன்று பிரதிகளில் அறிக்கை எழுதி வாடிக்கையாளர் கையொப்பம் வாங்கு.

அந்த அறிக்கையின் கடைசியில் 'காரணம்' என்றொரு கட்டம் உண்டு. அதை வெறுமையாக விட்டால் கோவிந்தராஜன் அறிக்கையை நம் மேசைக்கே பறக்க விடுவார். 'காரணம் தெரியவில்லை' என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன்.

"தெரியலைன்னு எழுதறதுக்கு ஒரு இன்ஜினியர் எதுக்குய்யா? வாசல்ல நிக்கற வாட்ச்மேனைக் கேட்டா அவனும் அதைத்தானே சொல்லுவான்? அவனை அனுப்பிச்சிருக்கலாமே" என்றார்.

அன்று முதல் எங்களுக்கு மூன்று காரணங்கள் கைவசம் இருந்தன: தூசி, தேய்மானம், இயக்குபவரின் கவனக்குறைவு. எது தெரிகிறதோ அதை எழுதினோம்; எதுவும் தெரியாதபோது மூன்றாவதை எழுதினோம். தூசியும் தேய்மானமும் நம்மை நிமிர்ந்து பார்த்து எதிர்க்கேள்வி கேட்காதவைதாம். ஆனால் அவற்றை எழுதினால் 'போன வாரம்தானே சுத்தம் செய்தீர்கள்' என்று வாடிக்கையாளர் கேட்பார். இயக்குபவரோ அறிக்கையைப் படிப்பதேயில்லை.

முறை முழுவதையும் நான் கடைப்பிடித்தேன், ஒன்றைத் தவிர. முகம் துடைக்கும்போது கன்னத்தையும் கழுத்தையும் துடைப்பேன், நெற்றியைத் தொடமாட்டேன். வியர்வை சொட்டாமலிருக்கத்தானே அந்த விதி என்று எண்ணிக்கொண்டேன். என் நெற்றியில் இருந்ததோ திருநீறு. கடையில் வாங்கியதன்று. ஆண்டுதோறும் சிவராத்திரியை ஒட்டிச் சாண உருண்டைகளைச் சுட்டு, நானே இடித்து, மெல்லிய துணியில் மூன்று முறை சலித்து எடுத்த நீறு. காலையில் குளித்து, கோயில் வலம் வந்து, தண்ணீரில் குழைத்து மூன்று விரலால் இட்டால் ஒரு காதின் அருகிலிருந்து மறு காதின் அருகுவரை போகும். உலர்ந்ததும் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெளுக்கும். மின்சார ரயிலில் முன்பின் தெரியாதவர்கள் எழுந்து இடம் தருவார்கள். அதை நான் இறைவனுக்குக் கிடைத்த மரியாதையாக ஏற்றுக்கொண்டு, உட்கார்ந்துகொள்வேன்.

இனி அந்த வழக்கு.

தொண்ணூறுகளின் தொடக்கம். குரோம்பேட்டையில் ஒரு தனியார் தரவுப் பதிவு நிலையம். கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு வரும் விண்ணப்பங்களை மூட்டை மூட்டையாக வாங்கி, பன்னிரண்டு டெர்மினல்களில் பன்னிரண்டு பெண்கள் பதிவு செய்வார்கள். பதிந்ததை மறுவேளைக்காரர்கள் இன்னொருமுறை பதிவார்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடமெல்லாம் முதலில் பதிந்தவரின் பிழை. புதிதாகச் சேர்ந்தவர் பயிற்சிக் காலம் முடியுமுன் மூன்று வாரங்கள் பிழை வரம்பைத் தாண்டினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். உரிமையாளர் சபேசன் இந்த விதியைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். பக்கத்தில் நடராசர் படம், அதற்குச் சற்றுச் சிறிய சட்டத்தில்.

நான்காம் எண் டெர்மினலில் இருந்தவர் ரெஜினா. பம்மல்காரர். தந்தை தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்து, மூச்சிரைப்பால் வீட்டோடு இருந்துவிட்டவர். பள்ளி செல்லும் தம்பிகள் இருவர். சம்பளம் என்று ஒன்று அந்த வீட்டுக்குள் நுழைந்தால் அது ரெஜினாவின் கையால்தான். பயிற்சிக் காலத்தில் ஒரு மாதமே மிச்சம். பன்னிரண்டு பேரில் வேகம் அதிகம் அவருக்கு; பிழை மிகக் குறைவு. அவருடைய பலகையின் ஏழாம் எண் விசை திக்கத் தொடங்கும்வரை.

"இன்னா சார் இது, ஒரு தட்டு தட்னா ரெண்டு ஏழு வுழுது" என்றார், நான் முதல்முறை போனபோது. "பதினேழு வயசுப் புள்ளைக்கு நூத்தி எழுவத்தேழு வயசுன்னு போயிடுச்சு. தாத்தாவுக்கு எந்தக் காலேஜ்ல சீட்டு தருவாங்க?"

பார்த்தேன்; வில் தளர்ந்திருந்தது. மாற்றினேன். காரணம்: தேய்மானம். இது உண்மையான காரணம் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன், ஏனெனில் அடுத்து எழுதியவை அப்படியல்ல.

பத்து நாளில் மறுபடி அழைப்பு. ஏழு நலமாக இருந்தது. ஆறும் எட்டும் படுத்துவிட்டன. ஒன்று ஊமை, ஒன்று திக்குவாய். அந்த வாரம் ரெஜினாவின் பிழை வரம்பைத் தாண்டியிருந்தது. வில் நன்றாக இருந்தது. நாக்கு நன்றாக இருந்தது. எனக்கு ஒன்றும் புலப்படவில்லை. ஆகவே விசாரணையைத் தொடங்கினேன்.

"முறுக்கு, மிக்சர் ஏதாவது சாப்பிட்டுக்கிட்டே அடிக்கிறீங்களாம்மா?"

"முறுக்கா? தண்ணி குடிக்கவே எழுந்திருக்க வுட மாட்றாங்க சார்."

"கையில பவுடர், கிரீம்?"

"மூஞ்சிக்குப் போடவே நேரமில்ல. கைக்கு யாரு போடுவாங்க?"

"அப்ப விசை தானா கெட்டுப்போகுமா?"

"அதைச் சொல்லத்தானே சார் உங்களைக் கூப்ட்டுக்கீறாங்க?" என்றார். பக்கத்து மேசைப் பெண் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. ஒரு மணி நேரம் குனிந்து சுத்தம் செய்தேன். காரணம் என்ற கட்டத்தில் 'இயக்குபவரின் கவனக்குறைவு' என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன்.

அடுத்த வாரமும் அதே கதை. இம்முறை பழுது பலகையின் அடுத்த விசை வரிசைக்கும் பரவியிருந்தது. பிழை இரண்டாம் முறையாக வரம்பைத் தாண்டியது. அதே கட்டத்தில் அதே சொற்களை எழுதினேன். இம்முறை எழுத அதிகம் யோசிக்கவும் இல்லை.

மூன்றாம் வாரம் நான் போய் இறங்கியபோது சபேசன் வாசலிலேயே எதிர்கொண்டார். என்னைவிட அகலமாக நீறு பூசியவர். நடுவில் சந்தனமும் குங்குமமும் வேறு.

"வாங்கோ சார். ஒரு தொல்லை இன்னியோட முடிஞ்சுது. நீங்க எழுதின ரெண்டு ரிப்போர்ட்டும் ஃபைல்ல வெச்சிருக்கேன். இன்ஜினியரே எழுதிட்டார், அப்புறம் என்ன? இந்த வாரமும் பிழை தாண்டியாச்சு. பொண்ணை அனுப்பிடலாம்னு லெட்டர் அடிச்சு வெச்சுட்டேன். மெஷினை மட்டும் சரி பண்ணிக் குடுத்துட்டுப் போங்க, அடுத்த பொண்ணு திங்கக்கிழமை வருது."

நான் தலையசைத்துவிட்டு நான்காம் மேசைக்குப் போனேன். தலையசைத்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ரெஜினாவுக்குக் கடிதம் தெரிந்திருந்தது. கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது. நான் பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்தபோது, "அது வேணாம் சார், இது மேல வெச்சுக்கோங்க. மேஜை கீறாம இருக்கும்" என்று டெர்மினலை மூடும் கறுப்பு ரெக்சின் உறையை மடித்து விரித்தார். கடைசி நாளிலாவது கருவிமேல் அக்கறை வந்ததே என்று மெச்சிக்கொண்டு வேலையில் இறங்கினேன். கொக்கி, தொப்பி, தூரிகை, பஞ்சு எல்லாம் முறைப்படி. ஒரு மணி நேரம் பலகைக்கு மேல் தலை கவிழ்ந்திருந்தேன். மூடினேன். பத்துப் பத்தாகத் தட்டி எண்ணினேன். எல்லாம் பேசின.

"பலகையைக் கொஞ்சம் தூக்குங்க சார்" என்றார் ரெஜினா.

தூக்கினேன். கறுப்பு உறைமேல், பலகை இருந்த இடத்துக்கு முன்னால், நான் தலை கவிழ்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே, வெண்ணிறத்தில் மெல்லிய பொடி பிறைபோல் படிந்திருந்தது.

அவர் தம் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். எந்த நாளில் எந்த விசை கெட்டது என்று ஒரு பக்கம். நான் வந்து போன நாள்கள் எதிர்ப்பக்கம். "நீங்க மொத தபா வர்றதுக்கு முன்னால ஒரு கீ தான் சார் போச்சு. நீங்க வந்துட்டுப் போனா பக்கத்துல ரெண்டு போவுது. மறுபடி வந்துட்டுப் போனா நாலு போவுது. அந்த ஒம்பதாம் நம்பர் மெஷினுக்கு நீங்க லீவுல இருந்தப்ப வேற ஒரு சார் வந்தாரு. அது இன்னும் நல்லா கீது."

"நான் எத்தனை வருஷமா இந்த வேலை பாக்கிறேன் தெரியுமா?" என்றேன். வேறு பதில் இல்லாதவர்கள் சொல்லும் பதில்.

"தெரியும் சார். அதான் பயமா கீது." குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொடி இன்னான்னு நீங்களே சொல்லிடுங்க சார். போன வாரமே பாத்தேன். நான் சொன்னா வேற மாதிரி ஆயிடும். சர்ச்சுக்குப் போற பொண்ணு சாமி நீறைப் பத்திப் பேசிடுச்சும்பாங்க. வேலையோட பேரும் போயிடும்."

பொடியை விரலால் தொட்டு முகர்ந்தேன். முகராமலே தெரியும். மூன்று முறை துணியில் சலித்த நீறு. எந்தச் சந்திலும் நுழையத்தக்க நேர்த்தி. காலையில் குழைத்து இட்டது உலர்ந்து, வெடித்து, நான் ஒவ்வொருமுறை தலை கவிழும்போதும் திறந்த விசைகளுக்குள் மழையாகப் பெய்திருக்கிறது. வெள்ளைத் துணியில் வெள்ளைப் பொடி தெரியவில்லை. என்மேல் அழுக்கு விழட்டும் என்று தட்டிய தூரிகை, என்னிலிருந்து விழுந்ததைக் கண்டுகொள்ளவில்லை. நாக்குகளுக்கு நடுவே அது ஓரிரு நாள் ஒதுங்கியிருந்துவிட்டு, விரல் பட்டுப் பட்டு இடையில் இறங்கியிருக்கிறது. எழுத்தரின் சந்தனத்தையும் பள்ளி மேலாளரின் எண்ணெயையும் நான் வீட்டில் நடித்துக் காட்டிய நாள்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. அவர்களாவது தங்கள் பலகையைத்தான் கெடுத்தார்கள்.

உறையை அப்படியே மடிக்காமல் ஏந்திக்கொண்டு சபேசன் அறைக்குப் போனேன். சொன்னேன். அவர் முகம் மாறியது. ஆனால் நான் எதிர்பார்த்த விதமாக அன்று.

"என்ன சார் பேசறீங்க? விபூதி கெடுதல் பண்ணுமா? உங்க நெத்தியைப் பாத்து எவ்வளவு மரியாதை வெச்சிருந்தேன்! விபூதியால மெஷின் கெட்டுதுன்னு என் ஆபீஸ்ல எழுதி, அதுல என் கையெழுத்தா?"

"நடந்தது அதுதான் சார். அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லை. போன ரெண்டு ரிப்போர்ட்டும் நான் தெரியாம எழுதினது. அதை ரத்து பண்ணி எழுதித் தரேன்."

"தூசின்னு எழுதிட்டுப் போங்களேன்."

"தூசின்னா யார் தூசி? மறுபடி அந்தப் பொண்ணு தலையிலதானே வரும்?"

"அது வேற விஷயம்" என்றார் சபேசன். ஒரு பெண் வேலை இழப்பது அவருக்கு வேற விஷயம். திருநீற்றின் பெயர் காப்பாற்றப்பட வேண்டும். அதற்குப் பம்மலில் ஒரு வீட்டில் அடுப்பு அணைந்தாலும் பாதகமில்லை. நான் வணங்கும் பெருமானுக்கு இப்படி ஒரு வழக்கறிஞர்!

அவர் மேசைத் தொலைபேசியிலிருந்தே கோவிந்தராஜனை அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

"முகம் துடைச்சியா?" என்றார்.

"கன்னம், கழுத்து துடைச்சேன் சார்."

"நெத்தி?"

கை தானாக நெற்றிக்குப் போயிற்று.

"முகத்துல நெத்தி சேர்த்தி இல்லைன்னு உனக்கு யாருய்யா சொன்னா?"

"சார், அது திருநீறு…"

"நான் என்ன அடுப்புச் சாம்பல்னா சொன்னேன்? என் நெத்தியில இருக்கறதும் சாமிதான். உதிராத சாமியா பாத்து வெச்சுண்டிருக்கேன்." பிறகு குரல் இறங்கியது. "ரெண்டு ரிப்போர்ட்ல தெரியாம எதுக்குய்யா ஒரு பொண்ணு பேரை எழுதினே?"

"தெரியலைன்னு எழுதக் கூடாதுன்னு நீங்கதான் சார் சொன்னீங்க."

மறுமுனையில் பென்சிலின் பின்முனை மேசையைத் தட்டும் ஓசை கேட்டது. "உள்ளதை எழுதிட்டு வா" என்று சொல்லி வைத்துவிட்டார். மறுமாதம் வந்த அறிக்கைத் தாளில் எங்கள் மூன்று காரணங்களும் அச்சாகி, 'காரணம் அறியப்படவில்லை' என்று நான்காவதாக ஒரு வரியும் இருந்தது. அதைக் குறித்து அவர் யாரிடமும் ஒரு சொல்லும் பேசியதில்லை.

மேசைமேல் ரெஜினாவின் கடிதம் கண்ணாடிக் குண்டின் அடியில் கிடந்தது. சபேசனோ பேனாவைத் தொட மறுத்தார். எழுதினால் மட்டும் போதாது, காட்ட வேண்டும் என்று தோன்றியது. மூலையில் இருந்த கைகழுவும் தொட்டிக்குப் போய்த் தண்ணீரை வாரி நெற்றியில் அடித்தேன். நீறு கரைந்து மூக்கின் வழியே இறங்கிற்று. கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துவிட்டுத் திரும்பினேன்.

சபேசன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "ஐயோ, வெறும் நெத்தியோட என் முன்னாடி நிக்காதீங்க சார். அபசகுனமா இருக்கு."

"இந்த நெத்தியோட இன்னொரு தடவை முழுசா திறந்து சுத்தம் பண்றேன். ஒரு வாரம் அந்த லெட்டரை உள்ள வைங்க. அதே பொண்ணு, அதே மெஷின். ஒரு எழுத்து ரெட்டை விழுந்தாலும் என்னை வேலையை விட்டு எடுக்கச் சொல்லி நீங்களே எங்க ஆபீசுக்கு எழுதுங்க. நான் அதுல கையெழுத்துப் போடறேன்."

அவர் இணங்கியது நியாயத்துக்காக அன்று. அந்த நெற்றி அறையைவிட்டு வெளியேற வேண்டும் என்பதற்காக. எதற்காக இருந்தாலென்ன, கடிதம் இழுப்பறைக்குள் போயிற்று.

எண்பத்துச் சொச்சம் விசைகளையும் ஒன்றுவிடாமல் கழற்றினேன். மற்றப் பதினொரு பெண்களும் தட்டுவதை நிறுத்திவிட்டு என் நெற்றியையே பார்த்தார்கள். குடுமி இழந்தவனைப் பார்ப்பதுபோல. ஒவ்வொரு நாக்காகச் சாராயத்தில் துடைத்த பஞ்சு கறுக்கவில்லை, வெளுத்தது. வெட்கத்துக்கு வெள்ளை நிறமும் உண்டு என்று அன்று அறிந்தேன். அதுவரை நான் இட்டது இறைவன் பார்ப்பதற்கென்று எண்ணியிருந்தேன். அவன் பார்ப்பதற்கு இத்தனை அகலம் வேண்டியதில்லை. மின்சார ரயிலில் இடம் பிடிப்பதற்குத்தான் வேண்டும்.

அந்த வாரம் ரெஜினாவின் பதிவில் விசையால் வந்த பிழை ஒன்றும் இல்லை. பயிற்சிக் காலம் முடிந்து பணி உறுதியானது. சபேசன் கடிதத்தைத் தாமே கிழித்தார். கிழித்துவிட்டு என் அறிக்கையை எடுத்தார். காரணம் என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்தது: 'பழுது நீக்க வந்தவரின் நெற்றியிலிருந்து உதிர்ந்த விபூதி'. அவர் 'விபூதி' என்ற சொல்லை அடித்து, மேலே 'வெண்ணிறப் பொடி' என்று திருத்தி, அதன்பின்னரே கையொப்பமிட்டார். பெருமானின் மானம் ஒருவழியாகத் தப்பியது.

அதுமுதல் ஓய்வு பெறும்வரை வேலை நாள்களில் வெறும் நெற்றியோடு போவேன். பலகையை மூடி, எண்ணிப் பார்த்து, கையொப்பமும் வாங்கியபின், வாடிக்கையாளரின் கைகழுவும் தொட்டி அருகே நின்று நீறு இட்டுக்கொள்வேன். இதன் விளைவை நான் முன்னறியவில்லை. ஓர் இன்ஜினியர் பழுது நீக்கியபின் ஏதோ மந்திரம் சொல்லி நீறு பூசுகிறார், அதனால்தான் அவர் தொட்ட மெஷின் மறுபடி கெடுவதில்லை என்று தாம்பரத்திலிருந்து பல்லாவரம்வரை செய்தி பரவிவிட்டது. அலுவலகம் அலுவலகமாகப் பலகையை நீட்டினார்கள். "அப்படியே மெஷினுக்கும் ஒரு கீத்து, சார்."

இச்செய்தியை முதலில் நம்பியவர், முதலில் கேட்டவர், யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுப் பராமரிப்புக்குப் போயிருந்தேன். நீறு இட்டுக்கொண்டு திரும்பினால், பக்திப் பரவசத்தோடு சபேசன் நான்காம் மேசையருகே நிற்கிறார். ரெஜினா அப்போது அந்தக் கூடத்துக்கே மேற்பார்வையாளர்.

"சார், எல்லாம் உங்க கைராசிதான். இந்த நாலாம் நம்பருக்கு மட்டும் உங்க கையால கொஞ்சம் விபூதி வெச்சுட்டுப் போங்க."

என் கை நீற்றுப் பையோடு அந்தரத்தில் நின்றது. ரெஜினா எழுந்து, கறுப்பு உறையை எடுத்து டெர்மினலை இறுக்க மூடினார்.

"மெஷினுக்கு இன்னாத்துக்கு சார்? அது நல்லாத்தான் கீது" என்றார். "மொதலாளிக்கு வெச்சு வுடுங்க."

சபேசன் பயபக்தியுடன் தலையைக் குனிந்தார். நானும் வைத்துவிட்டேன்.

இதைப் படிக்கும் அனைவருக்கும் மாடம்பாக்கத்துப் பெருமான் அருள்க. உங்கள் விரல் ஒருமுறை தட்டினால் ஒருமுறையே விழுக. உங்கள் பிழையை உங்களிடமே காட்டித் தரும் துணிவுள்ளவர் ஒருவர் அடுத்த மேசையில் எப்போதும் அமர்ந்திருக்க. தெரியாததைத் தெரியாது என்று எழுதும் மனம் உங்களுக்கும், எழுதவிடும் மேலாளர் உங்களுக்கு மேலேயும் வாய்க்க. வாழ்க, நலம் சூழ்க.